வீட்டைப் பூட்டியாச்சு... அலாரத்துக்குச் சொல்லிக் கொடுத்தாச்சா?

பெரம்பலூரிலிருந்து சென்னை நோக்கிப் போகும் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது வாலிகண்டபுரம். வாலி வழிபட்டதாகச் சொல்லப்படும் வாலீஸ்வரர் கோயிலால் பெயர்பெற்ற ஊர். நெடுஞ்சாலை ஊர் என்பதால் ராத்திரி முழுக்க லாரி, ஆம்னி பஸ் ஹாரன் சத்தம் ஓயாது. அந்தச் சத்தத்துக்கு நடுவே, உள்தெருவில் ஒரு வீட்டு அலாரம் அலறினால் யாராவது எழுந்து வருவார்களா?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ள வேண்டிய குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற மாவட்டம் இது. அறுவடை நேரத்தில் பகலெல்லாம் ஆட்கள் காட்டில் இருப்பார்கள். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்களின் வீடுகளில் வயதான அம்மாவும், மனைவியும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் மட்டும்தான். கல்யாணம், காதுகுத்து என்று வெளியூர் கிளம்பினால் வீட்டில் பூட்டு மட்டும்தான் துணை.

அதனால்தான் கிராமத்து வீடுகளிலும் திருட்டு அலாரம் பொருத்தும் பழக்கம் வந்திருக்கிறது. வாசல் பக்கம் சின்ன கீபேட், உள்ளே ஒரு இரும்புப் பெட்டி, மாடிச் சுவரில் சைரன். கடைக்காரர் வந்து மாட்டிவிட்டு, நான்கு இலக்க நம்பர் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அத்தோடு பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

ஆனால், அந்தப் பெட்டிக்குத் தானாக எதுவும் தெரியாது. எந்தக் கதவு திறந்தால் உடனே அலற வேண்டும், எதற்குக் கொஞ்சம் பொறுக்க வேண்டும், அலறியபின் யாருக்கு முதலில் போன் போட வேண்டும்... எல்லாவற்றையும் நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் புரோகிராமிங். அதில் கோட்டைவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய அலாரமும் சுவரில் தொங்கும் அலங்காரப் பொருள்தான்.

கோட்டை கட்டியவர்களுக்குத் தெரிந்த கணக்கு

வாலிகண்டபுரத்திலிருந்து அதே நெடுஞ்சாலையில் சற்று வடக்கே போனால் ரஞ்சன்குடி கோட்டை. ஆங்கிலேயர் ஒரு பக்கமும் பிரெஞ்சுக்காரர் மறுபக்கமும் நின்ற 1751-ம் ஆண்டுப் போரைப் பார்த்த இடம். வெளியே அகழி. உள்ளே வெவ்வேறு உயரங்களில் மூன்று அடுக்கு அரண்கள். எதிரி ஒரே தாவலில் நடுக்கோட்டைக்கு வந்துவிட முடியாது. எந்த அடுக்கில் இருக்கிறான் என்பதைப் பொறுத்து உள்ளே இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதும் மாறும்.

அலாரம் பெட்டியில் ‘ஜோன்’ என்று சொல்வதும் இதே கணக்குதான். வீட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண் கொடுப்பது. சின்ன வீடுகளுக்கு வரும் பெட்டிகளில் பெரும்பாலும் 4 அல்லது 8 ஜோன்கள் இருக்கும்.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். மெத்தை வீடு. முன்னால் இரும்பு கேட், வாசல் கதவு, கூடம், இரண்டு அறைகள், சமையற்கட்டு, பின்னால் கொல்லைக்கதவு, மாடிப்படிக் கதவு. கணவர் துபாயில். வீட்டில் மருமகள், மாமியார், ஒரு குழந்தை. இந்த வீட்டுக்கு ஜோன்களை இப்படிப் பிரிக்கலாம்.

1-வது ஜோன்: வாசல் கதவு. இதற்கு ‘தாமத’ வகை. கதவைத் திறந்ததும் கீபேட் ‘பீப்... பீப்...’ என்று எச்சரிக்கும். 30 விநாடிக்குள் ரகசிய எண்ணை அழுத்தினால் அடங்கிவிடும். இல்லாவிட்டால் சைரன்.

2-வது ஜோன்: மாடிப்படிக் கதவு. ‘உடனடி’ வகை. வீட்டுக்காரர்கள் யாரும் மாடி வழியாக வீட்டுக்குள் வருவதில்லை. திறந்த நொடியே அலற வேண்டும்.

3-வது ஜோன்: கொல்லைக்கதவு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிறகு பார்ப்போம்.

4-வது ஜோன்: கூடத்தில் ஆள் நடமாட்டத்தை உணரும் பி.ஐ.ஆர். சென்சார். இது ‘உட்புற’ வகை. வாசல் கதவு வழியாக முறைப்படி வந்தால் அந்த 30 விநாடிக்கு இதுவும் பொறுத்துக்கொள்ளும். கதவு திறக்காமலேயே கூடத்தில் ஆள் நடமாடினால் உடனே அலறும்.

5-வது ஜோன்: பீரோ இருக்கும் அறை. இதுவும் உட்புற வகைதான்.

6-வது ஜோன்: சமையற்கட்டில் புகை அல்லது கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி. இது ‘24 மணி நேர’ வகை. அலாரத்தை அணைத்து வைத்திருந்தாலும் இந்த ஜோன் தூங்கக் கூடாது.

7-வது ஜோன்: மாமியார் கட்டிலுக்கு அருகில் ஒரு அவசர பட்டன். இதுவும் 24 மணி நேர வகை. திருடனுக்கு மட்டுமல்ல... நெஞ்சுவலி வந்தாலும், குளியலறையில் வழுக்கி விழுந்து எழுந்து வந்தாலும் அமுக்கலாம்.

8-வது ஜோன்: பெட்டியையோ சைரனையோ யாராவது கழற்றினால் காட்டிக்கொடுக்கும் ‘டாம்பர்’ சுவிட்ச்.

விடியற்காலை 3 மணி பிரச்னை

இப்போது அந்த 3-வது ஜோனுக்கு வருவோம். கிராமத்து வீடுகளில் கழிவறை கொல்லைப்புறத்தில் இருப்பது சாதாரணம். விடியற்காலை 3 மணிக்கு மாமியார் எழுந்து கொல்லைக்கதவைத் திறக்கிறார். ‘உடனடி’ வகையில் போட்டிருந்தால் தெருவே அதிரும். குழந்தை வீறிட்டு அழும். அடுத்த வீட்டுக்காரர் கம்போடு ஓடி வருவார். இரண்டாவது நாளும் இது நடந்தால், ‘‘இந்தச் சனியனை முதல்ல ஆஃப் பண்ணும்மா’’ என்று மாமியார் சொல்வார். அன்றோடு சரி. அந்த அலாரம் மறுபடி ஆன் ஆகாது.

அலாரம் இருந்தும் திருட்டுப்போகும் வீடுகளில், திருடன் அலாரத்தை ஏமாற்ற வேண்டிய அவசியமே இருக்காது. வீட்டுக்காரர்களே அதை அணைத்து வைத்திருப்பார்கள். பொய் அலாரம் அலுப்பு கொடுத்தால், அலாரத்துக்கு ஆயுள் முடிந்தது.

இதற்குத்தான் ‘வெளியே போகிறோம்’, ‘வீட்டில் இருக்கிறோம்’ என்று இரண்டு நிலைகள் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் ஊருக்குக் கிளம்பினால் முதல் நிலை. அப்போது எல்லா ஜோன்களும் விழித்திருக்கும். ராத்திரி படுக்கும்போது இரண்டாவது நிலை. கதவுகள் மட்டும் காவலில் இருக்கும். கூடத்து சென்சார் ஓய்வெடுக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தால் சைரன் அடிக்காது.

கொல்லைக்கதவுக்கு 20 முதல் 30 விநாடி தாமதம் கொடுத்து, மாமியார் கையில் ஒரு சின்ன ரிமோட்டைக் கொடுத்துவிடலாம். ‘‘அத்தை, முதல்ல பட்டன், அப்புறம் தாழ்ப்பா. திரும்பி வந்ததும் மறுபடி பட்டன்.’’ மறந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டாலும் ‘பீப்’ சத்தம் ஞாபகப்படுத்தும். இந்தத் தாமதம் திருடனுக்கும் அரை நிமிடம் கொடுக்கும் என்பது உண்மைதான். அதனால்தான் அதற்கு மேல் நீட்டக் கூடாது. குடும்பமே வெளியூர் போகும்போது கொல்லைக்கதவை உள்பக்கம் தாழிட்டுவிட்டு வாசல் வழியாகவே வெளியேறுவது நல்லது.

சென்சார் பார்க்காத சுவர்

கதவுகளில் எல்லாம் சென்சார் வைத்துவிட்டோம், போதாதா? இதே நெடுஞ்சாலையில் தெற்கே போனால், திருச்சி பதில் சொல்லும். 2019 ஜனவரியில் சமயபுரம் அருகே நம்பர் ஒன் டோல்கேட்டில் உள்ள பஞ்சாப் நேஷனல் பேங்க் கிளையில், சுவரில் துளை போட்டு நுழைந்து லாக்கர்களை உடைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி அதிகாலையில், திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் அருகே உள்ள லலிதா ஜுவல்லரிக்குள் முகமூடி அணிந்த இருவர் சுவரில் துளை போட்டு நுழைந்து, சுமார் 13 கோடி ரூபாய் நகைகளை அள்ளிச் சென்றது தமிழ்நாட்டையே அதிர வைத்தது. இரண்டு இடத்திலும் வந்தவர்கள் தேர்ந்தெடுத்த வழி, கதவு அல்ல.

வீடுகளுக்கும் இது பொருந்தும். ஓட்டு வீடாக இருந்தால் ஓட்டைப் பிரித்து இறங்குவது பழைய வித்தை. ஜன்னல் கம்பியை வளைப்பது இன்னொன்று. எந்தக் கதவும் திறக்கப்படாததால் கதவு சென்சார்கள் அமைதியாகவே இருக்கும். அதனால்தான் உள்ளே ஒரு நடமாட்ட சென்சார் அவசியம். எந்த வழியாக வந்தாலும் பீரோ அறைக்குப் போக கூடத்தைக் கடந்துதானே ஆக வேண்டும்?

அந்த சென்சாரை மாட்டுவதிலும் விஷயம் இருக்கிறது. அது கேமரா மாதிரி ஆளைப் பார்ப்பதில்லை. உடம்பிலிருந்து வரும் வெப்பக் கதிர் நகர்வதைத்தான் உணர்கிறது. அதனால் வெயில் விழும் ஜன்னலைப் பார்த்தபடியோ, அடுப்புக்கு எதிரிலோ வைத்தால் வீணாக அலறும். தரையிலிருந்து 7 அல்லது 8 அடி உயரத்தில், அறையின் மூலையில் வைப்பது வழக்கம். திருடன் அதை நோக்கி நடந்து வருவதைவிட, அதற்குக் குறுக்காக நடக்கும்படி இருந்தால் எளிதில் பிடித்துவிடும்.

நம்மூர் கோடை இன்னொரு சவால். சித்திரை, வைகாசியில் பூட்டிய மெத்தை வீட்டுச் சுவர்கள் ராத்திரியிலும் கொதிக்கும். சுவரின் சூடும் மனித உடம்பின் சூடும் நெருங்கி வரும்போது, இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க சென்சார் திணறும். வெப்பநிலைக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சென்சார் கண்ணாடிமேல் பல்லி உட்கார்ந்தாலும், பூச்சி கூடு கட்டினாலும் பொய் அலாரம் வரும். மாதம் ஒருமுறை காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

வயர் இழுத்து மாட்டும் அலாரமாக இருந்தால், கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு. ‘ரெசிஸ்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள்?’ ஒவ்வொரு ஜோன் வயரின் கடைசியிலும், அதாவது சென்சாருக்குள், ஒரு சின்ன ரெசிஸ்டர் வைக்க வேண்டும். அப்போதுதான் வயரை அறுத்தாலும், இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டாலும் பெட்டிக்கு வித்தியாசம் தெரியும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அதைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டால், நடுவழியில் வயரை முறுக்கிவிட்டவனை, ‘கதவு பத்திரமாக மூடியிருக்கிறது’ என்றே பெட்டி நம்பும்.

யாருக்கு முதல் போன்?

சைரன் அடித்துவிட்டது. அடுத்து? 1853-ல் அமெரிக்காவின் அகஸ்டஸ் போப் மின்சாரத் திருட்டு அலாரத்துக்குக் காப்புரிமை வாங்கியபோது, கதவு திறந்தால் மணி அடிக்கும், அவ்வளவுதான். நூறாண்டுக்குப் பிறகு நியூயார்க்கில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற நர்ஸ், அகால நேரங்களில் வீட்டில் தனியாக இருக்கும் பயத்தில், கேமராவோடு கூடிய வீட்டுப் பாதுகாப்பு அமைப்பை வடிவமைத்தார். கணவரோடு சேர்ந்து 1966-ல் விண்ணப்பித்து, 1969-ல் காப்புரிமையும் பெற்றார். கூப்பிட்டால் போலீஸ் வர நேரமாகும் பகுதி அவருடையது. ஆகவே சத்தம் போடுவதோடு நிற்காமல், வெளியே இருப்பவருக்குத் தகவல் போக வேண்டும் என்பதும் அவர் வடிவமைப்பில் முக்கியமாக இருந்தது.

பெரிய நகரங்களில் வங்கி, நகைக்கடை அலாரங்களைக் கவனிக்க 24 மணி நேரக் கண்காணிப்பு மையங்கள் உண்டு. அவர்களோடு பெட்டி பேசுவது எண்களில். ‘கான்டாக்ட் ஐடி’ என்ற அந்த மொழியில் 130 என்றால் திருட்டு, 110 என்றால் தீ, 301 என்றால் கரன்ட் போய்விட்டது, 302 என்றால் பேட்டரி இறங்கிவிட்டது. 130-க்கு முன்னால் 1 வந்தால் புதிதாக நடந்தது, 3 வந்தால் சரியாகிவிட்டது. கடைசியில் வரும் 003 என்பது 3-வது ஜோன். அதாவது, கொல்லைக்கதவு.

கிராமத்து வீட்டுக்கு அப்படி ஒரு மையம் கிடையாது. நம் கைபேசிதான் கண்காணிப்பு மையம். எனவே பெட்டியில் பதியும் போன் எண்களின் வரிசை மிக முக்கியம்.

நம் கற்பனை வீட்டில் கணவரின் துபாய் எண்தான் முதலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பணம் கட்டி வாங்கியவர் அவர்தானே! வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் கல்யாணத்துக்குப் போன ராத்திரி 2 மணிக்கு அலாரம் அடிக்கிறது. துபாயில் அப்போது 12.30. அவர் தூக்கம் கலைந்து எழுந்து, யாரைக் கூப்பிடுவது என்று யோசிப்பதற்குள் பீரோ திறந்திருக்கும்.

முதல் எண், ஐந்து நிமிடத்தில் வாசலுக்கு வரக்கூடியவருடையதாக இருக்க வேண்டும். எதிர்வீட்டு அண்ணன், அடுத்த தெரு சித்தப்பா. இரண்டாவது எண் வீட்டில் இருக்கும் மருமகளுடையது. அதன்பிறகு துபாய். வெளிநாட்டு எண்ணுக்குப் பெட்டியின் சிம் கார்டிலிருந்து ஐ.எஸ்.டி. போகுமா என்பதையும் பார்க்க வேண்டும். போகாதென்றால் இன்டர்நெட் ஆப் வழியாக அவருக்குத் தகவல் வரும்படி செய்யலாம்.

112 என்ற அவசர எண்ணை நேரடியாகப் பெட்டியில் பதியாதீர்கள். பல்லி ஓடினதற்கெல்லாம் அது போலீஸைக் கூப்பிடும். ஒரு மனிதர் நிலைமையைத் தெரிந்துகொண்டு 112-க்குப் பேசுவதுதான் முறை. தமிழ்நாடு காவல்துறை 2022 ஏப்ரலில் அறிமுகப்படுத்திய ‘காவல் உதவி’ ஆப்பில் உள்ள சிவப்பு பட்டனும் கைகொடுக்கும்.

எஸ்.எம்.எஸ்-ஸில் ‘ஜோன் 3 அலாரம்’ என்று வந்தால் ராத்திரி 2 மணிக்கு யாருக்குப் புரியும்? பெரும்பாலான பெட்டிகளில் ஜோனுக்குப் பெயர் வைக்க முடியும். தமிழ் எழுத்து ஏறாவிட்டால் ஆங்கில எழுத்திலாவது ‘கொல்லைக் கதவு’ என்று பதியுங்கள். அந்த சிம் எண்ணை உங்கள் போனில் ‘வீட்டு அலாரம்’ என்று சேமித்து, தனி ரிங்டோன் வையுங்கள். போன் ‘தொந்தரவு செய்யாதே’ நிலையில் இருந்தாலும் அந்த எண் மட்டும் ஒலிக்கும்படி செட்டிங்ஸில் மாற்றலாம்.

மௌனத்தில் இரண்டு வகை

அலாரத்திலிருந்து ஒரு மாதமாக எந்தத் தகவலும் இல்லை. வீடு பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தமா? அல்லது பெட்டி செத்துவிட்டது என்று அர்த்தமா? இரண்டுக்கும் ஒரே மௌனம்தான்.

முதல் காரணம் சிம் கார்டு. ரீசார்ஜ் முடிந்துபோனால் பெட்டியால் யாரையும் கூப்பிட முடியாது. இன்டர்நெட் இல்லாமல், பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்-ஸுக்கும் மட்டும் தனி ரீசார்ஜ் கொடுக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதியைத் திருத்தியது. அதற்கு 365 நாள் வரை செல்லுபடிக் காலம் வைக்கவும் வழி செய்தது. அலாரம் பெட்டிக்கு இது பொருத்தம். இன்னொன்று, ஜியோவுக்கு 2ஜி சேவை கிடையாது. 2ஜி-யில் மட்டும் இயங்கும் பெட்டியில் ஜியோ சிம் போட்டால் வேலை செய்யாது.

இரண்டாவது காரணம் கரன்ட். வைஃபை வழியாக மட்டும் தகவல் சொல்லும் அலாரம் என்றால், கரன்ட் போனதும் மோடம் அணைந்து, அலாரமும் ஊமையாகிவிடும். மோடத்தை இன்வெர்ட்டரில் இணையுங்கள். அல்லது சிம், வைஃபை இரண்டும் உள்ள பெட்டியாக வாங்குங்கள். பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, 200 மில்லி ஆம்பியர் இழுக்கும் அமைப்புக்குக் கணக்குப்படி 35 மணி நேரம் தாங்க வேண்டும். ஆனால் சைரன் அடித்தாலோ, பேட்டரி பழசானாலோ அதில் பாதிகூட வராது. நம்மூர் வெயிலில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும் என்பதால், வாங்கிய தேதியை அதன்மேல் எழுதி ஒட்டிவையுங்கள்.

இதையெல்லாம் பெட்டியே உங்களுக்குச் சொல்லும்படி செய்யலாம். ‘கரன்ட் போனால் சொல்’, ‘பேட்டரி இறங்கினால் சொல்’, ‘வாரம் ஒருமுறை நலமாக இருக்கிறேன் என்று சொல்’ என்ற மூன்றும் செட்டிங்ஸிலேயே இருக்கும். பல பெட்டிகள் இவை அணைக்கப்பட்ட நிலையில்தான் வரும். ஆன் செய்துவிட்டால், வாரம் தவறாமல் வரும் அந்த எஸ்.எம்.எஸ். ஒருநாள் வராதபோது உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.

ரகசிய எண்களையும் கவனியுங்கள். பெட்டி வாங்கும்போது இருக்கும் 1234 போன்ற எண்ணை அன்றே மாற்றுங்கள். பொருத்துபவர் பயன்படுத்தும் எண் தனி. அதையும் மாற்றச் சொல்லி, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு வேலைக்கு வருபவருக்கு வேறு எண் கொடுத்தால், யார் எப்போது அணைத்தார்கள் என்பது பெட்டியின் பதிவில் இருக்கும். அவர் வேலையை விட்டுப் போனால் அந்த எண்ணை மட்டும் நீக்கினால் போதும்.

அலாரம் அடித்து, அண்டை வீட்டுக்காரர் வந்துவிட்டார் என்றால் ஒரே விதி: வீட்டுக்குள் தனியாக நுழையக் கூடாது. வெளியே நின்று ஆட்களைக் கூப்பிட்டு, விளக்குகளைப் போட்டு, 112-க்குச் சொல்ல வேண்டும். திருடன் ஓடிவிட்டாலும் கதவு, பீரோ எதையும் தொடாமல் போலீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டும். கைரேகை மிச்சமிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு...

அலாரம் பொருத்தியதும் செய்ய வேண்டிய முக்கியமான வேலைக்குச் செலவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அக்கம்பக்கத்தாருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒவ்வொரு ஜோனையும் திறந்து சைரனை அடிக்க விடுங்கள். கொல்லைக்கதவைத் திறந்தால் எதிர்வீட்டு அண்ணன் போன் ஒலிக்கிறதா? எஸ்.எம்.எஸ்-ஸில் எந்தக் கதவு என்று வருகிறதா? கரன்டை நிறுத்தினாலும் வேலை செய்கிறதா? மாமியாருக்கு ரிமோட் பட்டன் கைக்கு எட்டுகிறதா?

அன்றைக்கு டீ குடிக்க வரும் எதிர்வீட்டு அண்ணனுக்கு அந்தச் சத்தம் பழகிவிடும். அதன்பிறகு நெடுஞ்சாலையில் எத்தனை லாரி ஹாரன் அடித்தாலும், இந்த ஒரு சத்தம் மட்டும் அவரைத் தட்டி எழுப்பும். ‘‘அது நம்ம எதுத்த வீட்டு அலாரம்’’ என்று டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு அவர் வாசலுக்கு வந்துவிட்டால் போதும். துபாயில் இருப்பவர் நிம்மதியாகத் தூங்கலாம்.